ஹால்தாருக்கு எண்ணெய் கொடுத்த விவகாரம்

டிசம்பர் கடைசி வாரத்தில் அப்பாவுக்கு அரிக்க ஆரம்பித்தது. முதலில் முழங்கால், பிறகு முதுகு, பிறகு வெளியே சொல்ல முடியாத இடங்கள். கொல்கத்தாவில் குளிர்காலம் ஆறு வாரம்தான். அந்த ஆறு வாரத்துக்கு ஊரே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு இமயமலை ஏறப்போவது போல நடமாடும். அப்பா குல்லாய் போடவில்லை. அதற்குப் பதிலாக என் தங்கை மதுவந்தியின் முப்பது சென்டிமீட்டர் மர ஸ்கேலை எடுத்துச் சட்டைக் காலருக்குள் விட்டுச் சொறிந்துகொண்டார். ஆபீசுக்கும் அதைக் கொண்டுபோனார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மதுவந்தி, பௌதிகப் படங்களுக்கு டிபன் பாக்ஸ் மூடியை வைத்துக் கோடு போட்டாள்.

அப்பா லக்ஷ்மிநாராயணன், துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். பெஹாலா குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் வந்து ஒன்பது வருடம். அதற்குள் நானும் மதுவந்தியும் வங்காளம் முழுதாகக் கற்றுக்கொண்டோம், அம்மா பாதி கற்றுக்கொண்டாள், அப்பா மீன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொண்டார்.

அப்பா எந்த மேலதிகாரியையும் புகழ்ந்தது கிடையாது. கொள்கை என்று நினைக்க வேண்டாம், வராது. ஒருமுறை டைரக்டர் ஒருவர் புதுச் சட்டையில் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, மூன்றாவது பட்டன் அறுந்து தொங்குகிறது என்று பதில் சொன்னார். அது உண்மையும்கூட.

"ஊர்ல எல்லாரும் சோப்புப் போட்டுப் போட்டு எங்கேயோ போயாச்சு. இவருக்கு மட்டும் அது கைவரல்லை" என்பது அம்மாவின் இருபத்திரண்டு வருடக் குறை.

அரிப்பு ஜனவரி முதல் வாரத்தில் ரத்தமாக மாறியதும் டாக்டரிடம் போனோம். பெஹாலாவிலேயே இருக்கும் தோல் டாக்டர் பூர்ணிமா, அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். சனிக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய். மற்ற நாள் சோப்பு. வெந்நீர்.

"எவ்வளவு சூடு?"

"டீ போடலாம்" என்றார் அப்பா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து வேகமாக எழுதினார். சோப்பு கூடாது. சீயக்காய் கூடவே கூடாது. வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தினமும் ஷவர் ஆயில். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே வாங்கிவிட்டோம். தங்க நிறத்தில் பம்ப் வைத்த பாட்டில். அம்மா அதைக் கூடத்து மேஜையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"எண்ணெயா இது?"

"எண்ணெய்தாம்மா."

"அப்போ இதை எடுக்கறதுக்கு என்ன?"

"ஒண்ணும் வேண்டாம். தண்ணி விட்டா அதுவே போயிடும். போறச்சே அழுக்கையும் எடுத்துண்டு போயிடும்."

"அது எப்படிடா, எண்ணெயே எண்ணெயை எடுக்கும்?"

அப்பாவின் கவலை வேறு. "ஷவர் ஆயில்னு போட்டிருக்கே. நம்மாத்துல ஷவரே இல்லையே." அது உண்மை. எங்கள் குளியலறையில் ஷவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். முன்பு இருந்தவர்கள் அதில் துணி அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்களும் அதை ஒரு அமைப்பாக ஏற்றுக்கொண்டோம். வாளியும் சொம்பும்தான். வாளியில் குளிப்பவருக்கும் இது வேலை செய்யும் என்று நான் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்குள் அம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்து நிமிர்ந்தாள். "சோப் ஃப்ரீன்னு போட்டிருக்கு. சோப் எங்கே?"

"அம்மா, அதுக்கு அர்த்தம் இதுல சோப்பே கிடையாதுன்னு."

"கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நீயும் கேட்டுண்டு வந்துட்டே. போய் வாங்கிண்டு வா."

நான் கீழே போய் ஒரு முட்டை ரோல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, இலவச சோப்பு ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றேன். அதை அம்மா உடனே நம்பினாள்.

ஆனால் பெரிய சிக்கல் தினமும் என்ற வார்த்தையில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வது புதன், சனி. அமாவாசை கூடாது, ஜன்ம நட்சத்திரம் கூடாது, தேய்த்துக்கொண்ட அன்று மத்தியானம் தூங்கக் கூடாது. இந்த பாட்டில் எண்ணெய் என்றால் டாக்டர் சொன்னபடி தினமும் தேய்த்துக்கொள்ள முடியாது. எண்ணெய் இல்லை என்றால் லேபிளில் ஏன் எண்ணெய் என்று போட்டிருக்கிறது? அம்மா நங்கநல்லூரில் இருக்கும் தன் அக்கா ஜகதாம்பாளுக்கு போன் போட்டாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பெரியம்மா ஸ்பீக்கரில் வந்தாள். "தண்ணி விட்டா என்ன ஆறது?"

நான் உள்ளங்கையில் ஒரு பம்ப் அடித்துச் சொம்பிலிருந்து நீர் விட்டேன். "வெள்ளையா மாறது பெரியம்மா. பால் மாதிரி."

"தேய். நுரை வரதா?"

"லேசா வரது."

"நுரை வந்தா சோப்பு. சோப்புக்கு வாரமும் கிடையாது, திதியும் கிடையாது. தினம் குளிக்கச் சொல்லு."

அப்பா போன் பக்கம் குனிந்தார். "அக்கா, மத்தியானம் தூங்கலாமோ?"

"ஆபீஸ்லதானே? தூங்குங்கோ."

தீர்ப்பு வந்துவிட்டாலும் கை பழக்கம் விடவில்லை. முதல் நாள் அப்பா அதை உலர்ந்த உடம்பில் தேய்த்துக்கொண்டு, நல்லெண்ணெய்க்குக் காத்திருப்பது போல அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் அதன் மேல் சீயக்காய் போட்டார். மூன்றாம் நாள் தரை வழுக்கி, துணி அடைத்த அந்தக் குழாய் நுனியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். நான்காம் நாள்தான் முறைப்படி நடந்தது. முதலில் உடம்பை நனைத்து, ஈரத்தோடு இரண்டு பம்ப் தடவி, வெள்ளையானதும் நீர் விட்டு, துண்டால் ஒற்றினார். வெளியே வந்து கையை நீட்டி, "தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். ஜனவரி மாதத்தில் எந்த அரசு ஊழியருக்கும் இருக்க வாய்ப்பில்லாத கை.

பத்து நாளில் அரிப்பு நின்றது. ஸ்கேல் மதுவந்திக்குத் திரும்பக் கிடைத்தது. அவள் அதை டெட்டால் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தாள்.

அப்பா மதம் மாறியவர் போல ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸ் வாட்ச்மேனிடம் சொன்னார், மின்சார ரீடிங் எடுக்க வந்தவரிடம் சொன்னார். "சோப்பு தோலுக்கு எதிரி" என்பது அவர் வாக்கியம். முன்யோசனையாக இன்னொரு பாட்டிலும் வாங்கி அலமாரியில் வைத்தார். விவகாரம் அந்த இரண்டாவது பாட்டிலில்தான் ஆரம்பித்தது.

அந்த வாரம் ஆபீசில் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடம் ஒரே ஊரில் இருந்த அப்பாவின் பெயருக்கு நேரே ஒடிசாவில் இருக்கும் பாரதீப் துறைமுகத்தைப் போட்டிருந்தது. மதுவந்தி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை இங்கேயே இருக்க ஒரு வருடம் ரிடென்ஷன் கேட்டு அப்பா மனு கொடுத்திருந்தார். அவள் இரண்டாம் மொழியாக எடுத்திருப்பது வங்காளம். கிளாசில் அவள்தான் முதல். முகர்ஜிகளும் பானர்ஜிகளும் அவளுக்குப் பின்னால். பாரதீப்பில் அது பாடமாகக் கிடைக்காது. கடைசி வருடத்தில் வேறொரு மொழியை முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மனுவில் பரிந்துரை எழுத வேண்டியவர் உதவி இயக்குநர் ஹால்தார். லிஸ்ட் தலைமை அலுவலகத்துக்குப் போவது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு.

புதன்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"அனந்து, ஹால்தாருக்கும் அதே அரிப்புடா. ஸ்டீல் ஸ்கேலால சொறிஞ்சுக்கறார். கையெல்லாம் வெடிச்சுப் போச்சு, பாவம். அந்தப் புது பாட்டிலைக் கொடுத்துடலாம்னு பார்க்கறேன். 'ஸார், நான் உங்களுக்கு எண்ணெய் தரேன்'னு பெங்காலில எப்படிச் சொல்றது?"

"இங்கிலீஷ்லயே சொல்லுங்கோளேன்."

"அவா பாஷையில சொன்னா சந்தோஷப்படுவார்."

ஒரு மேலதிகாரியின் சந்தோஷத்தைப் பற்றி அப்பா யோசித்தது அதுதான் முதல் தடவை. நான் அதற்கு மரியாதை கொடுத்திருக்க வேண்டும். என்னிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று நீளமானது, பத்திரமானது: உங்கள் தோலுக்காக ஒரு பொருள் கொண்டுவந்திருக்கிறேன். இன்னொன்று சுருக்கமானது: "ஆமி ஆப்னாகே தேல் தேபோ." அப்பா கேட்டதற்கு வார்த்தைக்கு வார்த்தை சரியான வாக்கியம் இரண்டாவதுதான். வங்காளத்தில் ஒருவருக்கு தேல், அதாவது எண்ணெய், கொடுப்பது என்றால் காரியம் ஆவதற்காக அவரைக் காக்காய் பிடிப்பது. இது எனக்குத் தெரியும். பல்பசை வாயில் இருந்ததால் சுருக்கமானதைச் சொன்னேன் என்று நான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா அதைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மாலையில் அவர் வந்தபோது பாட்டில் பையிலேயே இருந்தது. காபியைத் தொடவில்லை.

"கொடுத்தேளா?" என்றாள் அம்மா.

"சொன்னேன்."

"என்ன சொன்னேள்?"

"இவன் சொல்லிக்கொடுத்ததைத்தான். ஹால்ல பதினோரு பேர் இருந்தா. ஹால்தார் கையில என் ஃபைல் இருந்தது. எதிர்க்கப் போய் நின்னுண்டு சொன்னேன். சத்தமா."

"சத்தமாவா?" என்றேன் நான்.

"உச்சரிப்பு சரியா இருக்கணுமோல்லியோ? ரெண்டு தடவை சொன்னேன்."

பிறகு ஹெட் கிளார்க் போஸ்பாபு குடித்துக்கொண்டிருந்த டீ அவர் மூக்கு வழியாக வெளியே வந்ததாம். அதன்பின் ஹால் முழுக்கச் சிரிப்பு. ஹால்தார் சிரிக்கவில்லை. ஃபைலை மூடி, "லொக்கிபாபு, இன்று காலை கையெழுத்துப் போடத்தான் இதை எடுத்தேன். இனிமேல் போட்டால் இந்தப் பதினோரு பேரும் என்ன சொல்வார்கள்?" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கீழ் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். லக்ஷ்மி என்ற பெயர் வங்காளிகள் வாயில் லொக்கியாகிவிடும்.

அந்த ஆபீசில் அப்பாவைத் தவிர இருக்கும் ஒரே தமிழர் பத்மநாபன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

"உனக்கு அந்த அர்த்தம் தெரியுமோ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். மதுவந்திதான் பேசினாள். "பாரதீப்ல பெங்காலி உண்டாப்பா?"

"ஒடியா இருக்கும்மா."

அவள் உள்ளே போய் மர ஸ்கேலை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். எனக்கு இருபது வயது என்பதை இருவரும் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை நான் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் எதைப் பற்றிப் பேசினார் என்று தெரியாது. என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எண்ணெய் என்றும் மறுபக்கம் ஹால்தார் என்றும் எழுதியிருந்தது. மன்னிப்புக் கேட்பது சுலபம். ஆனால் மன்னித்த பிறகும் பாட்டிலில் இருப்பது எண்ணெய்தான். சொன்னவர் அதைக் கொடுக்கத்தான் போகிறார். பதினோரு பேரும் பார்க்கத்தான் போகிறார்கள். அது எண்ணெயே இல்லை என்றால்தான் வழி உண்டு. அப்போது நங்கநல்லூர் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. நுரை வந்தால் சோப்பு. வங்காளத்தில் சோப்புக்கு ஷாபான் என்று பெயர். ஷாபான் கொடுப்பதில் எந்தக் களங்கமும் இல்லை.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா அது எண்ணெய்தானேடா?"

"பெரியம்மா சோப்புன்னு சொல்லிட்டா."

அவர் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

இந்த ஏற்பாட்டில் தமிழைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தமிழ் எனக்கு வீட்டில் சாப்பிடவும் திட்டு வாங்கவும் பயன்படும் மொழி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு பாட்டிலோடு ஆபீசில் இருந்தேன். நீளமான ஹால். கடைசியில் ஒரு வாஷ்பேசின், அதன் மேல் பாதிக் கண்ணாடி. டிபன் நேரம் என்பதால் எல்லோரும் செய்தித்தாளை விரித்துப் பொரியைக் கொட்டிக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பத்மநாபன் மட்டும் தயிர்சாதம் முடித்து வாஷ்பேசினில் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். ஹால்தார் குல்லாயும் ஸ்வெட்டருமாக நடு மேஜையில் உட்கார்ந்து, ஸ்டீல் ஸ்கேலால் புறங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். அப்பா அவர் பக்கத்தில், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

நான் ஹால்தாரிடம் வங்காளத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாக்கியம் என்னுடையது. அப்பா கேட்டது வேறு, நான் கொடுத்தது வேறு. அப்பாவுக்கு அந்த அர்த்தம் தெரியாது.

ஹால்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கே படிக்கிறாய்?"

"ஜாதவ்பூர், ஸார்."

"அதுதானே பார்த்தேன்." வம்புக்கு ஜாதவ்பூர் மாணவர்கள் பேர்போனவர்கள் என்பதால் ஹாலில் இருந்த அனைவரும் தலையசைத்தார்கள். "சரி, விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உன் அப்பா எனக்குக் கொடுக்கப்போவது எண்ணெய்தானே?"

"இல்லை ஸார். இது ஷாபான்."

போஸ்பாபு எழுந்து வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். ஹெட் கிளார்க் ஆனதால் எதையும் உரக்கப் படிப்பவர். "ஷவர் ஆயில்" என்று படித்தார். திருப்பினார். "சோப்-ஃப்ரீ."

ஹால்தார் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தார். அவர் உண்மையை விளக்கப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. சோப்பு கிடையாது, எண்ணெய்தான், சோப்பு தோலுக்கு எதிரி என்று ஆரம்பிப்பார். பாரதீப்பில் போய்த்தான் முடிப்பார்.

வாஷ்பேசின் பக்கமிருந்து குரல் வந்தது. பத்மநாபன், டப்பாவைக் கழுவுவதை நிறுத்தாமல், முகத்தில் எதுவும் இல்லாமல் சொன்னார்: "ஃப்ரீ ஆஃபர், ஸார். ஆயில் வாங்கினால் சோப் ஃப்ரீ."

"எங்கே அந்த சோப்?" என்றார் போஸ்பாபு.

"உள்ளேயே கலந்திருக்கிறார்கள்."

இந்த உலகத்தில் அம்மா தனியாக இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். போஸ்பாபு அதைச் சாத்தியம் என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் ஹால்தார் சும்மா அந்த நாற்காலிக்கு வந்தவர் இல்லை. எழுந்து ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டார். "லேபிளை கம்பெனி எழுதுகிறது. கை என்னுடையது. சோதித்துவிடலாம்."

சோதனை முறைப்படி நடந்தது. போஸ்பாபு தன் டிராயரிலிருந்து பொரிக்கு விடும் கடுகெண்ணெயை எடுத்து ஹால்தாரின் இடது உள்ளங்கையில் விட்டார். ஒப்பிடுவதற்கு உண்மையான எண்ணெய் ஒன்று வேண்டுமாம். வலது கை அப்பாவின் பொறுப்பு. பொரியைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு பேரும் வாஷ்பேசினைச் சுற்றி நின்றார்கள்.

"முதல்ல கையை நனைக்கணும்னு சொல்லு" என்றார் அப்பா என்னிடம். சொன்னேன். இந்த முறை நீளமான, பத்திரமான வாக்கியமாகவே சொன்னேன்.

அப்பா இரண்டு பம்ப் அடித்து, ஹால்தாரின் ஈரமான கையில் வைத்து, வெடித்திருந்த புறங்கையில் மெதுவாகத் தடவ ஆரம்பித்தார். மணிக்கட்டு, அதற்கு மேலே முழங்கை வரை. தங்க நிறம் போய் வெள்ளையாயிற்று. ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. லேசாக நுரையும் வந்தது. அந்த நுரையைப் பார்த்து நான் அடைந்த ஆனந்தத்தை எந்த விளம்பரத்திலும் எந்த நடிகையும் அடைந்ததில்லை.

குழாயைத் திறந்துவிட்டார்கள். இடது கையில் நீர் முத்து முத்தாக நின்று வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் அப்படியே இருந்தது. வலது கையில் எல்லாம் வெள்ளையாகக் கரைந்து ஓடிவிட்டது. அப்பா தன் கைக்குட்டையால் அந்தக் கையை ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. ஹால்தார் வலது கையை மோந்து பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். இடது கையால் தொட்டுப் பார்க்கப்போய், அதில் கடுகெண்ணெய் இருப்பது நினைவுக்கு வந்து, போஸ்பாபுவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஏ தோ ஷாபான்!" என்றார் போஸ்பாபு. இது சோப்பேதான்.

"தேல் நொய்" என்றார் ஹால்தார். எண்ணெய் இல்லை. "எல்லோரும் பார்த்தீர்களா? லொக்கிபாபு எனக்கு எண்ணெய் கொடுக்கவில்லை. சோப்புப் போட்டார். அவ்வளவுதான்."

அப்போது பத்மநாபன் கையிலிருந்த டப்பா வாஷ்பேசினில் விழுந்தது. அவர் இருமுவது போல ஏதோ செய்தார். தோள் குலுங்கியது.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹால்தார் சொன்ன வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், பதினோரு பேர் முன்னிலையில், பட்டப்பகலில், முழங்கை வரைக்கும், அப்பா மேலதிகாரிக்குச் சோப்புப் போட்டிருந்தார்.

"கீ ஹோலோ, என்ன ஆயிற்று?" ஹால்தார் பத்மநாபனைப் பார்த்தார். "எதற்குச் சிரிக்கிறீர்கள்? உங்கள் பாஷையில் சோப்புக்கும் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?"

மணி இரண்டு ஐந்து. ஃபைல் இன்னும் கீழ் டிராயரில் இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவரைக் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். நல்ல வேளை, கேட்டது அவரை இல்லை.

பத்மநாபன் டப்பாவை எடுத்து, மூடியைப் பொருத்தி, துடைத்தார். "சோப்புன்னா சோப்புதான், ஸார். போட்டால் பளபளன்னு ஆகிவிடும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஹால்தார் இடது கையைச் செய்தித்தாளில் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனார். டிராயரைத் திறந்து ஃபைலை எடுத்து, புதிதாக மிருதுவாகியிருந்த வலது கையால், மாணவியின் படிப்பைக் கருதி ஒரு வருடம் தக்கவைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாட்டிலை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். பெயரை மட்டும் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நானே வாங்கிக்கொள்கிறேன். அதோடு அந்த ஃப்ரீ சோப்பையும் கேட்டு வாங்குவேன்." லிஸ்ட் நான்கு மணிக்குப் போயிற்று.

அப்பா வேலை முடித்து வரும்வரை நான் காத்திருந்தேன். பஸ் ஸ்டாப்பில் பத்மநாபனும் எங்களோடு நின்றார்.

"ஓய் லக்ஷ்மிநாராயணன், இத்தனை நாளா ஒண்ணும் தெரியாதவர் மாதிரி இருந்தீரே. என்ன நேக்கா, விரல் இடுக்கெல்லாம் விடாம போட்டீர்!"

"பத்மநாபா, போதும்டா."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்த பாட்டில் சும்மாதானே இருக்கு? எனக்கும் முதுகு அரிக்கறது."

அப்பா பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அப்பாவுக்கும் பக்கத்திலேயே கிடைத்தது. பாதி வழி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பெங்காலில நான் பண்ணினது தப்பில்லை, இல்லையா?" என்றார்.

"தப்பே இல்லைப்பா. நிரூபிச்சாச்சு."

"தமிழ்ல?"

"தமிழ்ல ஒரே சாட்சிதான். அவர் பாட்டில் வாங்கிண்டுட்டார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனிமேல் எந்த மொழியிலும் என்னிடம் வாக்கியம் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது.

வீட்டுக் கதவை மதுவந்தி திறந்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஆச்சு. ஒரு வருஷம்" என்றார் அப்பா.

அவள் குதிக்கவில்லை. உள்ளே போய், இரண்டு நாளாக மூடி வைத்திருந்த வங்காளப் புத்தகத்தை மேஜையில் விரித்தாள். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"கையெழுத்துப் போட்டாரா! பூட்டி வெச்சவர் எப்படித் திடீர்னு போட்டார்? என்ன பண்ணினேள்?"

அப்பாவுக்குப் பொய் வராது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "ஹால்தாருக்குச் சோப்புப் போட்டேன்."

அம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். "நீங்களா?"

"நானேதான்."

"யார் முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தலையை ஆட்டினேன். மொழிபெயர்க்கவில்லை.

அவள் கரண்டியை வைத்துவிட்டு போனை எடுத்தாள். நங்கநல்லூரில் மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது.

"அக்கா," என்றாள் அம்மா, என் இருபது வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில், "இவர் கத்துண்டுட்டார்."